சவுக்கு வேகமா வளருது... அப்புறம் ஏன் தடுமாறுது மரத் தொழில்?

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டடம் பாதி எழும்பி நிற்கும். சுற்றிலும் சாரம் கட்டியிருப்பார்கள். பெரிய அபார்ட்மென்ட் என்றால் இரும்புக் குழாய். இரண்டு மாடி வீடு என்றால் இன்னமும் பல இடங்களில் சவுக்குக் கம்பும் கயிறும்தான்.

அந்தக் கம்பு ஏதோ காட்டில் இருந்து வந்ததுன்னு நினைச்சா, இல்லை. யாரோ ஒரு விவசாயி மூணு நாலு வருஷம் நிலத்தை ஒதுக்கி வளர்த்தது. அதே மரத்தின் பெரும்பகுதி சாரத்துக்குப் போவதில்லை. கூழாகி, உங்கள் ஆபீஸ் பிரின்ட்டரில் இருக்கும் ஏ4 பேப்பராகவும், மாத்திரை அட்டைப்பெட்டியாகவும் திரும்பி வருகிறது. அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின், அதாவது டி.என்.பி.எல்-லின், தலைமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தாம்பரம் – பீச் ரயிலில் தினமும் அதைக் கடந்துதான் பலர் வேலைக்குப் போகிறார்கள்.

இந்தத் தொழில் இப்போது நல்ல நிலையில் இல்லை. ஆசியான் நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தத்தால் அங்கிருந்து காகிதம் வரியில்லாமல் வருகிறது. சீனாவில் இருந்து அட்டை வந்து குவிகிறது. டி.என்.பி.எல்-லின் லாபம் 2022-23ல் இருந்து இரண்டே வருடத்தில் பெருமளவு சரிந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, மரக்கூழில் செய்யப்படும் பல அடுக்கு அட்டைக்கு டன்னுக்கு 67,220 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. அதற்குக் கீழே இறக்குமதி செய்ய முடியாது என்பது ஏற்பாடு. அதுவும் 2026 மார்ச் வரைக்கும் என்றுதான் அறிவிக்கப்பட்டது.

தடுப்புச் சுவர் கட்டினா கொஞ்ச நாள் மூச்சு விடலாம். ஆனா நம்ம ஊர்க் காகிதம் ஏன் விலை அதிகம்? பதில் ஆலைக்குள் இருப்பதைவிட ஆலைக்கு வெளியே அதிகம் இருக்கிறது. காகித ஆலையின் செலவில் மிகப் பெரிய பங்கு மரம்தான்.

காடு இருக்கே, அங்க வெட்டக் கூடாதா?

கூடாது. ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. அரசுக் காடுகளில் இருந்து ஆலைகளுக்குச் சலுகை விலையில் மரமும் மூங்கிலும் போனது. 1988 தேசிய வனக் கொள்கை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இயற்கைக் காடு தொழிற்சாலைக்குச் சரக்குக் கிடங்கு இல்லை; ஆலைக்கு மரம் வேண்டுமானால் விவசாயிகளோடு சேர்ந்து அவர்கள் நிலத்தில் வளர்த்துக்கொள் என்றது. 1996 டிசம்பர் 12ஆம் தேதி கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு கெடுபிடியை இன்னும் இறுக்கியது.

அதனால் 'வனத் தொழில்' என்று நாம் சொல்வது தமிழ்நாட்டில் நடைமுறையில் விவசாயத் தொழில். செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் கடலோரத்து மணல் நிலங்களில் நிற்கும் சவுக்குத் தோப்புகள்தான் இதன் முதுகெலும்பு.

சவுக்கு இந்த ஊர் மரமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் சென்னை மாகாணத்தின் கடலோரத்தில் பெரிய அளவில் நட ஆரம்பித்தார்கள். மணலில் வளரும், உப்புக்காற்றைத் தாங்கும். வேரில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரி காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் உரம் அதிகம் கேட்காது. ஒருமுறை நட்டுப் பார்த்தவர்கள் விடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துத் தோப்புகள் இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. நீலாங்கரையில் 'கேசுவரினா டிரைவ்' என்று ஒரு தெரு இருக்கிறது. சவுக்கு மரத்தின் ஆங்கிலப் பெயர் அது. அங்கே வீடு வாங்க இப்போ எத்தனை கோடி ஆகும்னு கேட்காதீங்க.

கரும்புச் சக்கையில் ஆரம்பித்த கதை

டி.என்.பி.எல் 1979ல் தொடங்கப்பட்டபோது அதன் ஐடியாவே வேறு. மரத்தைவிட முக்கியமாகக் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வோம் என்பதுதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984ல் உற்பத்தி ஆரம்பமானது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரித்துவிடும். அதை எரிக்காமல் எங்களிடம் கொடுங்கள், பதிலுக்கு உங்களுக்கு வேண்டிய எரிபொருளையோ நீராவியையோ நாங்கள் தருகிறோம் என்று ஒரு பண்டமாற்று. உலக அளவில் கவனிக்கப்பட்ட ஏற்பாடு அது.

அப்புறம் சர்க்கரை ஆலைகளே சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்து விற்க ஆரம்பித்தன. 2016-17 வறட்சி வாக்கில் கரும்புப் பரப்பும் கடுமையாகச் சுருங்கியது. சக்கை குறையக் குறைய மரத்தின் தேவை ஏறியது. 2000களின் நடுவிலேயே டி.என்.பி.எல் விவசாயிகளோடு சேர்ந்து கூழ்மரம் வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது அதனால்தான். மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் 2016ல் இரண்டாவது ஆலையும் வந்தது. இது அட்டை தயாரிக்கும் ஆலை.

பள்ளிபாளையத்தில் இருக்கும் சேஷசாயி காகித ஆலைக்கும் இதே மரம்தான் வேண்டும். ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்திலும் கடப்பா மாவட்டம் பத்வேலிலும் வந்திருக்கும் எம்.டி.எஃப் பலகை ஆலைகளும் இதே வகை மரங்களைத்தான் அரைக்கின்றன. உங்கள் மாடுலர் கிச்சனின் கதவு அநேகமாக அந்த மாதிரிப் பலகைதான். காகிதத்துக்கும் கிச்சனுக்கும் ஒரே மரத்தில் போட்டி வந்தால் மர விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆராய்ச்சி என்ன கொடுத்தது?

உண்மையிலேயே நிறைய. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் 1988ல் இருந்து இயங்குகிறது. இரண்டும் சவுக்கிலும் தைலமரத்திலும் குளோன்கள் உருவாக்கின. சிம்பிளாகச் சொன்னால், தோப்பிலேயே நேராக, வேகமாக வளர்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கிளைத் துண்டுகளை வேர் பிடிக்க வைத்து, அதே குணமுள்ள ஆயிரக்கணக்கான கன்றுகளை எடுப்பது. விதையில் இருந்து வளர்த்தால் ஒன்று பனை மாதிரி நேராகப் போகும், பக்கத்தில் இருப்பது சொங்கியாக நிற்கும். குளோன் தோப்பில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முன்பு ஐந்து வருடம் வரை காத்திருந்த இடத்தில், தண்ணீர் வசதி இருந்தால் மூன்று வருடத்தில் வெட்டலாம் என்ற நிலை வந்தது.

வேகம் மட்டும் விஷயம் இல்லை. ஒரு டன் கூழ் எடுக்கக் காய்ந்த மரமாகக் கணக்கிட்டால் இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். பச்சை மரம் என்றால் ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. காரணம், மரத்தில் நமக்கு வேண்டிய நார் பாதிதான். மீதியில் கணிசமான பங்கு லிக்னின் என்ற பசை, அதைக் கரைத்து வெளியேற்றியாக வேண்டும். லிக்னின் கொஞ்சம் குறைவான ரகம் கிடைத்தால் அதே லாரி லோடில் கூழ் அதிகம், கெமிக்கல் செலவு குறைவு. சில சதவீத வித்தியாசம்தான். ஆனால் வருடத்துக்கு லட்சக்கணக்கான டன் மரம் வாங்கும் ஆலைக்கு அது கோடிக்கணக்கில் வந்து நிற்கும்.

2008ல் தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின் கீழ் மேட்டுப்பாளையம் கல்லூரி இன்னொரு முயற்சியைத் தொடங்கியது. ஆராய்ச்சி நிலையம் கன்று ரகம் கொடுக்கும், வங்கி கடன் கொடுக்கும், விவசாயி வளர்ப்பார், ஆலை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலையில் வாங்கும். நால்வர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம். காகித ஆலை, தீப்பெட்டி, பிளைவுட் என்று பல தொழில்கள் இதில் சேர்ந்தன. மலைவேம்பு என்ற மரம் தமிழ்நாடு முழுக்க பிரபலமானதும் இந்தக் காலத்தில்தான். (யூடியூபில் 'ஒரு ஏக்கரில் கோடீஸ்வரர்' ரக வீடியோக்களும் அதோடு சேர்ந்தே கிளம்பின. அதற்கு ஆராய்ச்சி நிலையம் பொறுப்பில்லை.)

ஆக, ஆராய்ச்சிக்கூடத்தில் மரம் ஜெயித்துவிட்டது. சிக்கல் அதற்கப்புறம்.

வெட்டினதுல இருந்து எடைமேடை வரைக்கும்

செய்யூர் பக்கம் ஒரு விவசாயி சவுக்கு வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காகிதபுரம் 300 கிலோமீட்டருக்கு மேல். மரம் கடலோரத்தில், ஆலை மேற்கில். இந்தத் தூரம்தான் தமிழ்நாட்டு மரத் தொழிலின் அடிப்படைப் பிரச்சினை.

வெட்டிய பச்சை மரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். அப்படியானால் லாரி வாடகையில் பாதி, தண்ணீரைச் சுமப்பதற்காக. விலையோ எடைக்குத்தான். வெட்டிய நாளில் இருந்து மரம் காய ஆரம்பிக்கிறது. லாரி கிடைக்க இரண்டு நாள், ஆலை வாசலில் வரிசையில் ஒரு நாள் என்று போனால் 20 டன் லோடு 18 டன்னாக இறங்கலாம். அந்த 2 டன்னுக்கு யார் காசு கொடுப்பது? ஆலை கொடுக்காது. வியாபாரி தன் கையில் இருந்து போடமாட்டார். விவசாயிக்குக் கொடுக்கும் விலையிலேயே முன்கூட்டிக் கழித்துவிடுவார்.

அதனால்தான் பல விவசாயிகள் எடைமேடைப் பக்கமே போவதில்லை. வியாபாரி தோப்பைச் சுற்றிப் பார்த்து, நின்ற நிலையிலேயே 'ஏக்கருக்கு இவ்வளவு' என்று குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார். கைமேல் காசு, வெட்டுக்கூலி, லாரி என்று எந்தத் தலைவலியும் இல்லை. ஆனால் நல்ல குளோன் நட்டவருக்கும் சாதாரணக் கன்று நட்டவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடைக்காது. கூழ் அதிகம் தரும் ரகம் என்பது எடைமேடையில் தெரியாது, கண்ணாலும் தெரியாது. ஆராய்ச்சியின் பலன் விவசாயியின் கைக்கு வராமல் நடுவிலேயே கரைந்துபோவது இந்த இடத்தில்தான்.

விலை ஏற்ற இறக்கத்தையும் கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 40 டன் கிடைக்கிறது என்று வைத்தால், டன்னுக்கு 1,000 ரூபாய் குறைந்தாலே 40,000 ரூபாய் போச்சு. நெல் போட்டவர் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். மரம் நட்டவர் நட்ட அன்றைக்கு எடுத்த முடிவோடு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். விலை நன்றாக இருக்கும்போது எல்லாரும் நடுவார்கள், மூன்று வருடம் கழித்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள், விலை விழும், அடுத்து யாரும் நடமாட்டார்கள், மூன்று வருடம் கழித்து ஆலைக்கு மரம் கிடைக்காது. இடையில் ஒரு புயல் வந்தால் கணக்கே மாறிவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் சவுக்கையும் முந்திரியையும் சேர்த்தே சாய்த்தது.

இதே சுழலில் வட இந்தியாவும் மாட்டியிருக்கிறது. ஹரியானாவின் யமுனாநகர், பாப்லர் மரத்தை வைத்து வளர்ந்த பிளைவுட் நகரம். 1980களில் விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனம் கன்று, வங்கிக் கடன், திரும்ப வாங்கும் உத்தரவாதம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து விவசாயிகளைப் பாப்லருக்குள் இழுத்தது. பெரிய வெற்றி. ஆனால் 2000களின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் மரம் வெள்ளமாக வந்தபோது விலை சரிந்து, பலர் தோப்பையே பிடுங்கிப் போட்டார்கள்.

வெட்டுறது யாரு?

இந்தச் சங்கிலியில் பேசப்படாத கண்ணி ஒன்று இருக்கிறது. மரத்தை வெட்டி, கையால் பட்டை உரித்து, துண்டு போட்டு, தலையில் சுமந்து லாரியில் ஏற்றுபவர்கள். வட மாவட்டங்களில் இந்த வேலையில் இருளர் குடும்பங்கள் அதிகம். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். தோப்பு தோப்பாக இடம் மாறுவார்கள். கணக்கு எப்போதும் முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேர் கொத்தடிமைகளாக இருந்த நிலையில் மீட்கப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். சொற்பக் கடனுக்காக வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த புகைப்படம் அப்போது நாடு முழுக்கப் பரவியது. அன்றைக்குத் தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது அதே வருடம் நவம்பரில். அதாவது இது ஏதோ தொலைதூரக் கதை இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976ல்.

எல்லாத் தோப்பிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வெட்டுக்கூலி மலிவாக இருக்கிறது என்பதை நம்பித்தான் ஒரு தொழில் போட்டியில் நிற்கிறது என்றால், அங்கே இயந்திரத்தில் பணம் போட யாருக்கும் அவசரம் இருக்காது. பட்டை உரிக்கும் இயந்திரம், வயலோரத்திலேயே மரத்தைச் சில்லாக அரைக்கும் இயந்திரம் எல்லாம் புது கண்டுபிடிப்பு இல்லை. ஊருக்கு ஒன்று வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். இப்போது கிராமத்தில் வெட்டுக்கு ஆள் கிடைப்பதும் குறைந்து வருகிறது. அதனால் இந்தக் கேள்வியை இனி தள்ளிப்போட முடியாது.

வெளியில எப்படிச் செஞ்சாங்க?

பிரேசில்தான் எல்லாரும் காட்டும் உதாரணம். 1968ல் அங்கே காகித நிறுவனங்கள் சேர்ந்து, சாவோ பாலோ பல்கலைக்கழகத்தோடு கைகோத்து ஒரு வன ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. விற்பனையில் அடித்துக்கொண்டாலும் ஆராய்ச்சிச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று அங்கே தைலமரத் தோட்டங்களின் வளர்ச்சி ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 35 கனமீட்டர் அளவில் இருக்கிறது. இந்தியத் தோட்டங்கள் பலவும் அதில் பாதியைத் தொடுவதே பெரிய விஷயம். மழையும் மண்ணும் அங்கே சாதகம் என்பது உண்மை. பெரும் பண்ணைகள், ஆலையைச் சுற்றியே தோட்டம் என்பதும் உண்மை. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் வியட்நாம். அங்கேயும் சிறு விவசாயிகள்தான் வேலமர வகையான அக்கேசியாவை வளர்க்கிறார்கள். ஆனால் மரமும் மரச்சாமான்களும் சேர்த்து 2021லேயே ஆண்டுக்கு 1,400 கோடி டாலருக்கு மேல் ஏற்றுமதி செய்தார்கள். கூழுக்கு மட்டும் நம்பி நிற்காமல், கொஞ்சம் தடித்த மரத்தைப் பலகைக்கும் ஃபர்னிச்சருக்கும் அனுப்பும் தொழிற்சாலைகள் வந்ததில் அவர்கள் வித்தியாசப்பட்டார்கள். பக்கத்திலேயே, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவில் ஐ.டி.சி நிறுவனம் 1980களின் கடைசியில் பத்ராசலத்தில் தைலமரக் குளோன்களைத் தொடங்கி, ஆலையைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலேயே விவசாயிகளிடம் கொண்டுபோனது. மரத்தை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ப்பது என்ற அந்த ஒரு முடிவு பல செலவுகளைக் குறைத்தது.

எல்லாரும் மரம் நடட்டும், சாப்பாடு?

நியாயமான கேள்வி. மரம் நட்டால் விவசாயக் கூலிகளுக்கு வேலை குறையும். நடவு, களை, அறுப்பு என்று வருடம் முழுக்க ஆள் கேட்ட நிலம், மூன்று வருடத்தில் ஓரிரு முறைதான் ஆள் கேட்கும். 1980களில் கர்நாடகாவின் கோலாரில் கேழ்வரகு நிலங்கள் தைலமரத்துக்கு மாறியபோது எழுந்த எதிர்ப்பில் இதுவும் ஒரு காரணம். சென்னை வேலைக்குப் போனவர்கள் ஊரில் உள்ள நிலத்தில் சவுக்கைப் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருப்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

குளோனுக்கு இன்னொரு ஆபத்து. எல்லா மரமும் ஒரே மாதிரி என்றால் ஒரு நோய்க்கு எல்லாமே ஒரே மாதிரி விழும். சவுக்கில் பட்டை கொப்பளித்து மரம் காய்ந்துபோகும் நோய் உண்டு. 2000களில் தைலமர இலைகளில் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் ஒரு குளவி தென்னிந்தியத் தோட்டங்களை உலுக்கியது. பத்துப் பன்னிரண்டு ரகங்களைக் கலந்து நடுவதும் புது ரகங்களைத் தொடர்ந்து கொண்டுவருவதும்தான் இதற்குத் தற்காப்பு. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு ஆராய்ச்சிக்கான நிதியை நிறுத்திவிட முடியாது என்பது அதனால்தான்.

இப்போ என்ன நடக்குது?

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம்ம வண்டலூரில்தான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு. வேளாண் துறை தனியாக விவசாயிகளுக்கு இலவசக் கன்றுகளும், நட்ட கன்றுகளைப் பராமரிக்க ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. 2023 டிசம்பரில் மரம் கொண்டுபோக நாடு முழுவதற்கும் ஒரே ஆன்லைன் அனுமதி முறை வந்தது. 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. தோப்பைப் பதிவு செய்து ஜியோடேக் போட்டுவிட்டால் வெட்டும்போது அலைய வேண்டாம் என்பது அதன் சாரம். சவுக்கு விவசாயிக்கு இது பெரிய மாற்றம் இல்லை. சவுக்குக்கு இங்கே கெடுபிடி ஏற்கெனவே கிடையாது. தேக்கு வளர்ப்பவருக்குத்தான் பயன்.

கவனித்தால் ஒன்று புரியும். இவற்றில் பெரும்பாலானவை நடுவதைப் பற்றியோ அனுமதியைப் பற்றியோதான். வெட்டியதில் இருந்து எடைமேடை வரையிலான 300 கிலோமீட்டருக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கொள்முதல் கிடங்கு இருந்தால், அங்கேயே எடை போட்டு, பட்டை உரித்து, சில்லாக அரைத்து அனுப்பினால், மரம் காயும் நஷ்டம் விவசாயி தலையில் விழாது. ஈரப்பதம் கழித்த எடைக்கு விலை என்று மாற்றினால் நல்ல ரகம் நட்டவருக்கு அதற்கான காசு கிடைக்கும். வெட்டும் ஆட்களுக்கு ஆலையே பதிவேடும் சம்பளமும் வைத்தால் முன்பணக் கணக்கு யாருடைய நோட்டிலும் ஒளிந்திருக்க முடியாது. புதிய ஆலை கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சின்னப் பணம். ஆனால் இது விவசாயத் துறையின் வேலையா, தொழில் துறையின் வேலையா, வனத் துறையின் வேலையா, ஆலையின் வேலையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வடகிழக்குப் பருவமழைதான் கடலோரத்தில் சவுக்கு நடும் காலம். இந்த மழையில் நடும் கன்று, மூன்று வருடம் கழித்து எந்த விலைக்குப் போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தர ஆள் கிடைத்தால் நடுவார்கள். கிடைக்காவிட்டால் அந்த நிலத்தில் மனை போட ஜி.எஸ்.டி ரோட்டில் ஏற்கெனவே ஆள் நிற்கிறார்கள்.